பைண்டு காப்பி

காமிக்ஸ் சேகரிப்பவர்களின் பேச்சில் 'பைண்டு காப்பி' என்பது ஏறக்குறைய ஒரு வசைச்சொல். பல இதழ்களைச் சேர்த்துத் தைத்து, மூன்று பக்கமும் ஓரம் வெட்டி, கெட்டி அட்டை போட்டுக் கட்டிய தொகுப்பை அப்படிச் சொல்வார்கள். இதழின் அசல் அளவு அதில் போய்விடுகிறது. ஊசித் துளைகள் உள்விளிம்பில் நின்றுவிடுகின்றன. பல வேளைகளில் வண்ண மேலட்டைகளைப் பைண்டரே கிழித்துப் போட்டிருப்பார். தனி இதழுக்குக் கிடைக்கும் விலையில் பாதிகூட அதற்குக் கிடைக்காது. பல ஆண்டுகளாக நானும் இந்தச் சொல்லை அதே இளக்காரத்தோடுதான் சொல்லிவந்தேன்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. எண்பதுகளின் பிற்பகுதி, கோவில்பட்டி. அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினார். அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவன். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் தொடங்கியபோது அவனுக்குப் பதினொரு வயது. 1972 முதல் வந்துகொண்டிருந்த முத்து காமிக்ஸின் பழைய இதழ்களையும், வாடகைப் புத்தக நிலையத்தில் கழித்துப் போடும்போது கெஞ்சி வாங்கிவிடுவான். சிவகாசி எங்களுக்குத் தொலைவில்லை. பட்டாசு அங்கே செய்கிறார்கள் என்பதுபோல, காமிக்ஸ் அங்கே அச்சடிக்கிறார்கள் என்பதும் எங்கள் தெருவில் சாதாரணச் செய்தி.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு பைண்டர் இருந்தார். ஆண்டு முழுவதும் பேரேடுகள் கட்டுபவர். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார். 1987இல் அண்ணன் தன்னிடமிருந்த இரும்புக்கை மாயாவி கதைகளையெல்லாம் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். கூலியை அப்பா தம் போனஸிலிருந்து கொடுத்தார், இனிமேல் இதற்கென்று காசு கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. முதுகில் சிவப்புக் காலிகோவும், அட்டையில் மார்பிள் தாளுமாக அது வீட்டுக்கு வந்தது.

அண்ணன் அந்தக் கதைகளை இதழ் எண் வரிசைப்படி அடுக்கவில்லை. வேறு வேறு ஆண்டுகளில் வந்தவற்றைத் தன் விருப்பப்படி கோத்திருந்தான். எளிய கதை முதலில், அவனைத் தூங்கவிடாமல் செய்த கதை கடைசியில். எல்லாப் பக்கங்களின் மேல் மூலையிலும் நீல மையில் ஒன்றிலிருந்து தொடங்கும் தொடர் எண். முன்னால் இருந்த வெற்றுத்தாளில் ஒரு பொருளடக்கம்: கதையின் தலைப்பு, பக்க எண், பக்கத்தில் நட்சத்திரங்கள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது அந்தத் தாளில்தான். பாடநூலின் அணிலும் ஆடும் எனக்கு அதற்குப் பிறகு வந்தவை.

நான் சேகரிப்பாளன் ஆனது முப்பது வயதுக்கு மேல். 2012 ஜனவரியில் லயன் காமிக்ஸ் ஓர் இடைவெளிக்குப் பின் 'கம்பேக் ஸ்பெஷல்' என்று திரும்பி வந்தது. அதை வாங்கியவன், பழையவற்றையும் தேடத் தொடங்கினேன். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் குந்தியிருந்து பொறுக்கியிருக்கிறேன். முதலில் தேடியது கதைகளை. பிறகு, இலக்கியம் படித்தவனுக்கு வரும் நோய் என்று நினைக்கிறேன், கதைகள் எந்த வடிவிலிருந்து எந்த வடிவுக்கு வந்தன என்று ஆராயத் தொடங்கிவிட்டேன். தமிழ் காமிக்ஸைப் பொறுத்தவரை அது சிறிய விஷயமில்லை. நாம் ஒரே கையடக்க அளவில் படித்தவை, பிறந்த இடத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவுகளில் பிறந்தவை.

லயனின் முதல் இதழ் 'கத்திமுனையில் மாடஸ்டி'. மாடஸ்டி பிளைஸி 1963 மே மாதம் லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்டு நாளிதழில் தொடங்கியவள். பீட்டர் ஓ'டொன்னல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, நாளொன்றுக்கு ஒரு பட்டை, பெரும்பாலும் மூன்று கட்டங்கள். நேற்றைய பேப்பரை விட்டவனுக்காக முதல் கட்டம் கொஞ்சம் பின்னோக்கிப் போகும். நாளைய பேப்பரை வாங்க வைப்பதற்காகக் கடைசிக் கட்டம் ஒரு கொக்கி போடும். சிறுவயதில் மாடஸ்டி கதைகளைப் படிக்கும்போது, சொன்னதையே யாரோ திரும்பச் சொல்வதுபோல ஒரு தடுக்கல் இருக்கும். மொழிபெயர்ப்பின் குறை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது மொழிபெயர்ப்பின் குறையன்று. இரண்டு நாள்களுக்கு நடுவே இருந்த ஓர் இரவை, புத்தகமாக்கும்போது எடுத்துவிட்டதால் வந்த தழும்பு அது.

இரும்புக்கை மாயாவி 1962இல் வேலியன்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கியவன். ஸ்பெயின்காரரான ஹேசுஸ் பிளாஸ்கோ வரைந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். வாரப் பத்திரிகையின் அகலப் பக்கத்தில் பல கட்டங்கள் நெருங்கி நிற்கும். கையடக்க நூலுக்கு வரும்போது அவற்றை வெட்டி, பக்கத்துக்கு இரண்டு மூன்றாக ஒட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் சுவரையோ வானத்தையோ சற்று நீட்டி வரைய வேண்டும். பிளாஸ்கோவின் இருட்டு அந்தப் பெரிய பக்கத்தில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பாயும். நமக்குக் கிடைத்தது அதன் துண்டுகள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பக்கத்துக்கு இரண்டு கட்டம் என்பதால், அந்தக் கை எங்கிருந்து நீளும் என்று தெரியாமல் பக்கத்தைத் திருப்பப் பயந்த பயம் நமக்கு மட்டுமே வாய்த்தது. இங்கிலாந்துப் பையன்களுக்கு அது பார்வையின் ஓரத்திலேயே தெரிந்திருக்கும்.

இத்தாலியின் டெக்ஸ் வில்லர் இன்னும் விசித்திரம். 1948இல் காசோலைப் புத்தகம்போல நீண்டு ஒடுங்கிய சிறு வெளியீடுகளாக வந்தது. பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டை. பின்னாளில் அவற்றை மூன்று மூன்றாக அடுக்கிப் பெரிய பக்கமாக்கினார்கள். இன்றும் டெக்ஸின் பக்கம் மூன்று அடுக்காக இருப்பதற்கு அதுதான் வம்சாவளி. நம்முடைய கேப்டன் டைகர், பிரெஞ்சில் புளூபெர்ரி, 1963இல் பிலோத் இதழில் தொடங்கி வண்ணப் பேராலபங்களாக வளர்ந்தவன். ழான் ஜிரோ வரைந்த பாலைவனத்தைத் தொண்ணூறுகளில் நாம் உள்ளங்கை அளவில் கறுப்பு வெள்ளையில் பார்த்தோம். பின்னர் அதே கதையைப் பெரிய வண்ணப் பதிப்பில் பார்த்தபோது, அடிவானத்தில் நான் புழுதி என்று நினைத்திருந்தது குதிரைகள் என்று தெரிந்தது.

எண்களுக்கும் ஒரு கதை உண்டு. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 முதல் 1990 வரை வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸில் 123, 124 என்ற இதழ்களே கிடையாது. வேலைநிறுத்தத்தால் வெளிவராமல் போனவை. இது தெரியாமல் என் நண்பர் ஒருவர் அவ்விரண்டையும் இரண்டு ஆண்டுகள் தேடினார். ஒரு வியாபாரி '124 வருது சார்' என்று முன்பணம்கூட வாங்கியிருக்கிறார்.

இப்படியெல்லாம் தெரிந்துகொண்டதில் எனக்குக் கர்வம் இருந்தது. வகுப்பில்கூட இடம் கிடைத்தால் நுழைத்துவிடுவேன். குறுந்தொகை நான்கடி முதல் எட்டடி, நற்றிணை ஒன்பது முதல் பன்னிரண்டு, அகநானூறு பதின்மூன்று முதல் முப்பத்தொன்று. நம் தொகையாசிரியர்கள் அகப்பாட்டுகளை அளவு பார்த்துப் பிரித்தவர்கள். அகநானூற்றில் ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை, பத்துப் பத்தாக வருவதெல்லாம் நெய்தல் என்று வரிசையிலேயே ஓர் ஒழுங்கு. பாட்டு புலவருடையது, வரிசை தொகுத்தவருடையது, அந்த வரிசையும் ஒரு வாசிப்புதான் என்று மாணவர்களிடம் சொல்வேன். சுவடியின் இறுதியில் எழுதியவர் போட்டுவைக்கும் நாளையும் பெயரையும் விட்டுவிட்டுப் படியெடுக்காதீர்கள் என்றும் சொல்வேன்.

அதைச் சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டில்தான் அண்ணனின் தொகுப்பைப் பிரித்தேன்.

கோவில்பட்டி வீட்டைக் காலி செய்தபோது அது என்னிடம் வந்திருந்தது. "நீதான வாத்தியாரு, பத்திரமா வச்சிரு" என்று அண்ணன் கொடுத்தான். என் அலமாரியில் தனி இதழ்கள் ஒவ்வொன்றும் கண்ணாடி உறைக்குள் நின்றன. அவற்றுக்கு நடுவில் அந்தச் சிவப்பு முதுகு உறுத்தியது. சக சேகரிப்பாளர்கள் வீட்டுக்கு வந்தால் அதைத் துணி போட்டு மூடியிருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. "பிரிச்சிடுங்க சார், தனித்தனியா ஆனா கொஞ்சமாச்சும் மதிப்பு வரும்" என்றார் ஒருவர். ஒரு விடுமுறை நாளில் ஈரத்துணியால் முதுகை ஊறவைத்து, பிளேடால் நூலை அறுத்து, பசையைச் சுரண்டினேன். அரை நாள் வேலை. நல்லவேளையாக எங்கள் பைண்டர் மேலட்டைகளைக் கிழித்திருக்கவில்லை. மகிழ்ச்சியாக இருந்தது. கெட்டி அட்டைகளும் அவற்றோடு ஒட்டியிருந்த முன்தாளும் பழைய பேப்பர்காரரிடம் போயின. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பது எனக்குத் தெரியாமலில்லை. அன்றைக்கு அது எனக்கு அழுக்காகப் பட்டது. நீல மை எண்களையும் அழிரப்பரால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. ஓர் இதழைச் சென்னை நண்பரிடம் கொடுத்து, கொஞ்சம் பணமும் சேர்த்து, தொடக்க கால ராணி காமிக்ஸ் ஒன்றை மாற்றிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அண்ணன் போன் செய்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறான். "டேய் தம்பி, அந்த மாயாவி புக்கு இருக்குல்ல? பேரன் எழுத்துக்கூட்ட ஆரம்பிச்சிருக்கான். அடுத்த தடவ வரும்போது கொண்டாயேன்."

இருக்கிறது என்று சொன்னேன். பொய்யுமில்லை, மெய்யுமில்லை.

உறைகளோடு அவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துப்போனேன். அண்ணன் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "புக்கு எங்க?" என்றான். "இதுதாண்ணே" என்றேன். தனித்தனியாக இருந்தால்தான் நல்லது, பைண்டிங்கில் ஓரமெல்லாம் அரை அங்குலம் போய்விட்டது, அசல் அளவு கெட்டுவிட்டது என்று நான் விளக்கத் தொடங்கினேன். கல்லூரிக் குரல் தானாகவே வந்துவிட்டது.

"ஓரம் வெட்டாம எதடா தைக்க முடியும்?" என்றான் அண்ணன், கோபமில்லாமல்.

ஓர் உறையைப் பிரித்து இதழை எடுத்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேல் மூலையைப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, எல்லா உறைகளையும் பிரித்து, எண்களைப் பார்த்துப் பார்த்து இதழ்களை வரிசையாக அடுக்கினான். நான் அவற்றை வெளியீட்டு எண்படி கொண்டுபோயிருந்தேன். இரண்டு நிமிடத்தில் அந்த வரிசை கலைந்து, அவன் வரிசை வந்துவிட்டது. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை உரக்கச் சொன்னான். 96 வரை வந்ததும் அண்ணனின் கை நின்றது.

"97லருந்து 160 வரைக்கும் காணோமேடா."

வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றேன். பொருளடக்கத் தாளைப் பற்றி அவன் கேட்கவில்லை. பேரனிடம் ஒரு நோட்டுத் தாளும் பேனாவும் வாங்கி எழுதத் தொடங்கினான். நட்சத்திரங்களைப் போடும்போது ஓரிடத்தில் யோசித்தான். 97க்கு நேராகத் தலைப்பை எழுதி, நான்கு நட்சத்திரங்கள் போட்டான்.

மறுநாள் சென்னை நண்பரைக் கூப்பிட்டேன். என்னிடமிருந்து வாங்கும்போது பைண்டு காப்பி என்று பாதி மதிப்பு போட்டவர், இப்போது முழு விலை சொன்னார். அபூர்வ இதழ் சார், மூலையில் யாரோ நம்பர் போட்டுக் கிறுக்கியிருப்பதுதான் குறை, அதற்காக வேண்டுமானால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றார். குறைக்க வேண்டாம் என்று சொல்லிப் பணம் அனுப்பினேன்.

சென்ற வாரம் தபாலில் வந்தது. 97 முதல் 160 வரை எல்லாம் இருக்கிறது. 131ஆம் பக்கத்தில் மட்டும் எண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. அங்கேதான் நான் அழிரப்பரை வைத்துப் பார்த்திருக்கிறேன்.