நாலு விரற்கடையில் சிங்கப்பூர்

கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று வீட்டிலேயே அளந்து பார்க்கலாம், தெரியுமோ? குழந்தைகளின் பூகோள உருண்டையை எடுத்துப் பூக்கட்டும் நூலை இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடியுங்கள். நூல் யாழ்ப்பாணத்தை உரசி, வங்கக் கடலைத் தாண்டி, சுமாத்திராவின் வடகோடி மேலாகப் போகும். குறுக்களவு 30 சென்டிமீட்டர் உள்ள உருண்டையில் அது ஏழரை சென்டிமீட்டர், நாலே விரற்கடை! சென்டிமீட்டருக்கு 425 கிலோமீட்டர் வீதம் பெருக்குங்கள். உண்மைத் தூரம் சுமார் 3,160 கிலோமீட்டர்.

தூரம் சரி, நேரம்தான் வம்பு. மகளின் பிரசவத்துக்குத் தனியே புறப்பட்ட என் பொள்ளாச்சி அத்தை டிக்கெட்டைப் பார்த்துத் திகைத்துப்போனார். போகையில் இரவு 10 மணிக்கு ஏறினால் விடியற்காலை 4.45; திரும்புகையில் இரவு 8 மணிக்கு ஏறினால் 9.45!

"ஏங் கண்ணு, வரும்போது காத்து தள்ளி உடுமா?" என்றார்.

காற்றல்ல அத்தை, கடிகாரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரி 1-ல் அவர்கள் அரை மணி தள்ளி வைத்துக்கொள்ளும்வரை வித்தியாசம் இரண்டு மணிதான். டிக்கெட்டில் தெரியும் ஆறே முக்காலையும் ஒன்றே முக்காலையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: நாலே கால் மணி. அதுதான் நிஜப் பயணம். பீளமேட்டு விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம் தனி!

அத்தை பிரசவ மருந்தோடு போய்ச் சேர்ந்தார். மூன்றாம் நாள் பேரன் பிறந்தான். கைக்கடிகாரத்தை மட்டும் அவர் மாற்றவேயில்லை. தோட்டத்தில் பால் கறக்கும் நேரம் தெரிய வேண்டாமா என்கிறார்.