மகளுக்குக் காட்டிய மன்னார்

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, பெரியமடுவிலிருந்து உம்மாவின் கைபிடித்து நானும் புறப்பட்டேன். புத்தளத்தில் பிறந்த என் மகளுக்கு மன்னார் வெறும் கதைதான். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பின், ஒரு தை மாதத்தில் அவளைக் கூட்டிச் சென்றேன்.

1560இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையைப் பார்த்தோம். பள்ளிமுனைப் பெருக்க மரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கும் அதிகம். இருவரும் கைவிரித்தும் கால்வாசிகூட எட்டவில்லை. அரேபிய வணிகர் கொண்டுவந்த மரம் என்பார்கள். திரும்பும் வழியில், வங்காலைச் சரணாலய நீரில் பூநாரைகள் கூட்டமாய் நின்றன.

"இதுகள் வந்துட்டுப் போயிடுமா உம்மா?" என்றாள்.

"போனாலும் திரும்பி வரும் மகள்" என்றேன்.

சகோதரிகளே, பெரும் பணம் வேண்டாம்; சோற்றுப் பார்சலோடு ஒருநாள் போதும். பிள்ளைகளுக்குச் சொந்த மண்ணைக் கண்ணால் காட்டுங்கள்.