போகி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய பை தொங்கும். அதற்குள் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள், ஜவுளிக்கடைப் பைகள். கீழ்த்தட்டில் பார்சல் சாப்பாடு வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள், டப்பா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். "எதுக்காவது ஆகும்" என்று அம்மா எடுத்து வைத்தவை. அவர் வளர்ந்த காலத்தில் ஹார்லிக்ஸ் பாட்டில்கூட ஊறுகாய்க்கு ஆனது. அந்தச் சிக்கனத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் வருஷம் முழுக்கச் சேர்த்து, போகியன்று கொளுத்துவது எனக்கு ஒப்பவில்லை. 2018 போகிப் புகையில் சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. அதே புகையைத்தான் கைக்குழந்தைகளும் சுவாசித்தார்கள்.

இப்போது மூடி சேராத டப்பா உடனே பழைய பேப்பர்காரருக்குப் போகிறது. நல்ல துணிப்பைகள் வண்டி டிக்கியில் இருக்கின்றன. பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதாத தாள்களைத் தைத்து ரஃப் நோட்டு ஆக்குகிறோம். இந்த ஞாயிறு மருந்து டப்பாவின் முறை.