பிரேக் இல்லாத பைக்கும் ஃபொக்ஸ் ஹில் புழுதியும்

ஸ்பீட்வே பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? 500 சிசி பைக், ஒரே கியர், பிரேக்கே கிடையாது. நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். இடது காலில் இரும்புச் சப்பாத்து. அதை மண்ணில் உரசியபடி, பின் சில்லை வழுக்கவிட்டே வளைவெடுப்பார்கள். கலஹா வளைவுகளில் பல்சரைச் சாய்க்கும் நம்ம பொடியன்மார் இதை யூடியூபில் மட்டும் பார்த்தால் போதும், ரோட்டில் வேண்டாம்!

நமக்கு வாய்த்தது வேறு. 1934இல், வெள்ளைக்காரர் காலத்தில், நுவரெலியா மஹகஸ்தோட்டையில் மலையேற்றப் போட்டி தொடங்கியது. பழம்பெருமை எல்லாம் சரி, ஆனால் அங்கே ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடுதான் ஓட்டம். எனக்குத் தோளோடு தோள் உரசி ஓட வேண்டும். அதனால் என் ஓட்டு தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் மண்பாதைப் பந்தயத்துக்கே. கேட் விழுந்ததும் ஒரே செம்புழுதி, முதல் வளைவில் யார் முந்தினார் என்றே தெரியாது.

ஆனால் அங்கே 2024 ஏப்ரல் 21இல் நடந்ததை மறக்க முடியுமா? பாதை விலகிய பந்தயக் கார் சனத்துக்குள் பாய்ந்து 7 பேர் போய்விட்டார்கள். ஒரு சின்னப் பிள்ளையும் அதில். 'விளையாட்டென்றால் ஆபத்து இருக்கத்தானே' என்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஆபத்து ஓடுகிறவருக்கு, பார்க்க வந்தவருக்கில்லை. டிக்கட் காசைக் கூட்டியாவது ஒழுங்கான தடுப்புப் போடுங்கள். நான் கட்டுகிறேன்.