கோணல் மாளிகையும் தேய்மானக் கணக்கும்

பி.காம் படிக்கிறவனுக்கும் இங்கிலாந்தில் இருக்கும் ஒரு பழைய மர மாளிகைக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பீர்கள். தேய்மானம்தான் சம்பந்தம்! கட்டிடத்துக்கு இத்தனை வருடம் ஆயுள் என்று வைத்துக்கொண்டு, வருடா வருடம் மதிப்பைக் கழித்துக்கொண்டே போ என்கிறது எங்கள் பாடம். அந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் எனக்கு லிட்டில் மோர்ட்டன் ஹால்தான் ஞாபகம் வருகிறது. நேரில் பார்த்ததில்லை, படங்களில் பார்த்ததோடு சரி.

செஷயரில், காங்கிள்டன் ஊருக்குப் பக்கத்தில், சுற்றிலும் அகழியோடு நிற்கிறது. வில்லியம் மோர்ட்டன் என்ற நிலக்கிழார் 1504-08 வாக்கில் ஆரம்பித்தது. பிறகு வந்த தலைமுறைகள் சுமார் 1610 வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். முற்றத்து ஜன்னல்களைச் செய்த ரிச்சர்ட் டேல் என்ற தச்சர், 1559 என்ற வருடத்தோடு தன் பெயரையும் அதிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்.

இந்த மாதிரி வீட்டில் பாரத்தைத் தாங்குவது சுவர் இல்லை, ஓக் மரச் சட்டம். ஒரு கட்டையின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, இன்னொரு கட்டையில் போட்ட துளைக்குள் செருகி, மர முளை அடித்து இறுக்குவார்கள். நடுவில் உள்ள இடைவெளியைக் குச்சிப் பின்னலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். ஓக் மரத்தைப் பச்சையாகவே வேலைக்கு எடுப்பார்கள். கட்டிய பிறகு அது காய்ந்து சுருங்கி முறுக்கிக்கொள்ளும். இந்த வீட்டின் உச்சியில் 68 அடி நீளத்துக்கு ஒரு கூடம் வேறு, அதற்கு மேலே கனமான கல் பலகைக் கூரை. வீடு கோணாமல் என்ன செய்யும்?

இனிமேல்தான் விஷயமே. மோர்ட்டன் குடும்பம் உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்றது. 1643-ல் பாராளுமன்றப் படை வீட்டை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு குடும்பத்தின் செல்வம் கரைந்து, வீடு குத்தகை விவசாயிகள் கைக்குப் போனது. 1847 வாக்கில் வீட்டுக்குள்ளிருந்த தேவாலயத்தில் நிலக்கரி கொட்டி வைத்திருந்தார்கள். அதே காலத்தில் வசதியான பலர் தங்கள் மர வீடுகளை இடித்துவிட்டுச் செங்கல்லில் புதிதாகக் கட்டினார்கள். மோர்ட்டன்களிடம் அதற்குப் பணமில்லை. இடிக்கக்கூட வசதி இல்லாததால் பிழைத்த வீடு இது.

உடனே ஏழ்மைதான் காப்பாற்றியது என்று முடித்துவிடக் கூடாது. அப்படியே விட்டிருந்தால் மேல் கூடம் ஒருநாள் சரிந்திருக்கலாம். கடைசியில் வாரிசாக வந்த எலிசபெத் மோர்ட்டன் ஒரு கன்னியாஸ்திரி. தேவாலயத்தைச் செப்பனிட்டார். கூடத்துக்கு எஃகுக் கம்பிகள் போட்டு நிறுத்தியதும் அவராகவே இருக்கலாம். விற்கவே கூடாது என்ற நிபந்தனையோடு உறவினருக்கு எழுதி வைத்தார். 1938-ல் வீடு நேஷனல் டிரஸ்டிடம் வந்தது.

நம் கணக்கில் சாதாரணப் பழுதுபார்ப்பு வெறும் வருவாய்ச் செலவு. லாப நட்டக் கணக்கோடு முடிந்துவிடும், சொத்தின் மதிப்பில் ஒரு பைசா ஏறாது. ஆனால் 500 வருடமாக அந்தச் சொத்து நிற்பதே யாரோ செய்த அந்தச் செலவால்தான். நாளைக்கு நாமும் வேலைக்குப் போய், யாருடைய பழைய வீட்டுக்கோ மதிப்புப் போடுவோம். பூஜ்யம் என்று எழுதுவதற்கு முன்னால், அதை இதுவரை தாங்கிப் பிடித்தது யார் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதலாம் என்றிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?