மூன்றாவது சிலிண்டர்



கடந்த சில மாதங்களாகத் திருவிருந்து வேளையில் உங்களில் சிலர் என் விரல்களை உற்றுநோக்கியதை அறிவேன். நகக்கண்களில் ஏறிய கருமை சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை. "போதகர் ஐயா தோட்டவேலை தொடங்கிவிட்டீர்களோ?" என்று ஒரு மூதாட்டி கனிவோடு விசாரித்தார். தோட்டவேலை அல்ல. போதகர் இல்லத்தின் பின்புறத் தகரக் கொட்டகையில் என் மகளும் நானும் ஒரு மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பிரித்து, மறுபடியும் பூட்டிக்கொண்டிருந்தோம். அவளைக் குறித்து உங்களில் பலர் என்னிடம் கேட்டுவரும் வேறொரு கேள்விக்கும் இதில் ஓரளவு விடை இருக்கிறது. அவளுடைய அனுமதியோடு எழுதுகிறேன். சில பகுதிகளை அவள் வாசித்து நீக்கிவிட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வண்டி உங்களில் மூத்தவர்களுக்குப் பழக்கமானதே. 1968-ஆம் ஆண்டின் வொக்ஸ்வேகன் பீட்டில், 1300 எஞ்சின். என் மாமனார் தோட்டப் பாடசாலையில் கற்பித்த நாட்களில் ஒரு துரையிடமிருந்து பழையதாக வாங்கியது. பெரகலைச் சந்தியிலிருந்து அப்புத்தளை நோக்கி ஏறும் வளைவுகளில் பல்லாண்டுகள் முறைப்பாடின்றி ஏறிய வண்டி, ஒருநாள் அதே வளைவுகளில் வலுவிழந்து, அதன்பின் கொட்டகையைவிட்டு வெளியே வரவில்லை. 2020-இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து நம் நாட்டில் ஒரு பழைய வண்டியின் விலைகூட ஊழியக்காரனின் வேதனத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. லயங்களுக்குச் செல்ல எனக்கு வண்டி தேவை. ஆகவே இது மெய்யான தேவையில் தொடங்கிய வேலை. பிள்ளையோடு நேரம் செலவிடுவதற்கென்று திட்டமிட்ட உபாயம் அன்று. அத்தகைய உபாயங்களைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் தூரத்திலேயே மணந்து அறிந்துகொள்வார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றுக்காக அவள் காத்திருந்த மாதங்கள் அவை. முதல்நாள் விளக்குப் பிடிக்க வந்தாள். இரண்டாம் நாள் ஸ்பானரைக் கேட்டாள்.

இந்த எஞ்சினில் தண்ணீர் இல்லை. உறைவதற்குத் தண்ணீரும் கொதிப்பதற்கு ரேடியேட்டரும் இல்லாதபடி 1930-களில் பேர்டினண்ட் போர்ஷே வடிவமைத்த வண்டியின் வம்சம் இது. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாக, படுத்த நிலையில் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி இரும்பு உருளை. சுற்றிலும் மெல்லிய செதில்கள். மேலே டைனமோவின் தண்டிலேயே பொருத்திய ஒரு விசிறி, ஒரே ஒரு பட்டியினால் சுழன்று, அந்தச் செதில்களின் மேல் காற்றை அடித்துத் தள்ளும். பட்டி அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அடுத்த சந்தி வரை போய்ப் பார்ப்போம் என்பவருக்கு அடுத்த சந்தியில் எஞ்சின் இராது. சிலிண்டர்களைச் சுற்றிப் பல தகடுகள் இருக்கின்றன. பார்வைக்கு ஒன்றுக்கும் உதவாதவைபோலத் தோன்றும். ஆனால் காற்று எங்கே போகவேண்டும் என்பதை அவையே தீர்மானிக்கின்றன. என் மகள் ஒவ்வொரு தகட்டையும் தன் கொப்பியில் வரைந்து, இலக்கமிட்டு, சுண்ணக்கட்டியால் அதே இலக்கத்தைத் தகட்டிலும் எழுதினாள்.

எஞ்சினைக் கழற்றியது ஒரே பிற்பகலில் முடிந்தது. வண்டியோடு அதைப் பிணைத்திருப்பவை நான்கு போல்ட்டுகளே. மற்றவை வயர்களும் கேபிள்களும். அதன் பிறகுதான் மாதக்கணக்கு.

எங்கள் வீட்டிலும், உங்கள் வீடுகளில் போலவே, தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இடையிலான விவாதங்கள் பெரும்பாலும் குரலின் உயரத்தால் தீர்க்கப்படுகின்றன. கொட்டகையில் அந்த வழக்கு செல்லவில்லை. வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்ற கேள்வி எழுந்தது. நான் மதிக்கும் ஒரு முதிய மெக்கானிக் 0.10 மில்லிமீற்றர் என்றார். எங்களிடமிருந்த கையேடு 0.15 என்றது. அவள் இரண்டு நாள் தேடிப் படித்து, இரண்டும் மெய் என்று கண்டுபிடித்தாள்: பழைய கையேடுகளில் 0.10, பின்னர் அந்நிறுவனமே அதை 0.15 ஆக உயர்த்தியது. காரணத்தையும் அவளே எனக்கு விளக்கினாள். எரிந்த வாயுவை வெளியேற்றும் வால்வு நெருப்பின் நடுவிலேயே வாழ்கிறது. மூடிக்கொண்டு தன் இருக்கையில் அமரும் அந்தச் சிறு கணத்தில்தான் தன் சூட்டின் பெரும்பகுதியை அது இறக்கிவைக்கிறது. இடைவெளி போதாவிட்டால் முற்றாக அமராது. அமராத வால்வு எரிந்துபோகும்.

ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை அந்த இடுக்கில் நுழைத்து இழுக்கும்போது, வெண்ணெயைக் கத்தியால் வழிப்பதுபோல ஒரு சிறு தடை கையில் தெரியவேண்டும். அவள் இழுத்துப் பார்ப்பாள், பிறகு நான் இழுத்துப் பார்ப்பேன். அந்தத் தகட்டுக்கு அப்பா யார், மகள் யார் என்பது தெரியாது. எனக்கு இறையியல் பட்டம் இருப்பதும் தெரியாது. இருவரும் ஒரே அளவுகோலின் கீழ் நிற்கும் அனுபவம் எங்கள் இருவருக்குமே புதிது. அவள் அதை என்னைவிட அதிகமாக இரசித்தாள் என்று நினைக்கிறேன்.

உதிரிப்பாகங்களுக்காக இரவுத் தபால் ரயிலில் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். 77 மில்லிமீற்றர் விட்டமுள்ள நான்கு புதிய சிலிண்டர்களும் பிஸ்டன்களும் கிடைத்தன. திரும்பும்போது பையை மேல்தட்டில் வைக்க அவள் சம்மதிக்கவில்லை. பண்டாரவளை வரை மடியிலேயே வைத்திருந்தாள்.

அந்தப் பயணத்தில்தான் இந்த வண்டியின் பிறப்பைப் பற்றித் தான் வாசித்ததைச் சொன்னாள். இட்லரின் ஆட்சியில் 1938-இல் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஏழைத் தொழிலாளிக்கும் ஒரு கார் என்று சொல்லி, வாரந்தோறும் முத்திரை ஒட்டிப் பணம் சேமிக்க வைத்தார்கள். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேமித்தார்கள். ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. யுத்தகாலத்தில் அதே தொழிற்சாலையில் அடிமைகளாக மனிதர்கள் வேலை வாங்கப்பட்டார்கள். 1945-க்குப் பிறகு இவான் ஹேர்ஸ்ட் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரியின் பொறுப்பில்தான் அங்கே கார் உற்பத்தி மெய்யாகத் தொடங்கியது. இவற்றைச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்: "இப்பிடிப் பிறந்த வண்டிக்கு நீங்கள் ஜெபம் பண்ணி ஆசீர்வதிச்சு ஓடலாமா அப்பா?" பிரசங்க மேடையில் இக்கேள்விக்கு என்னிடம் மூன்று பதில்கள் உண்டு. இரவு ரயிலில், மகளின் அருகில், அவை மூன்றும் மிக மெலிந்தவையாகத் தோன்றின. "எனக்கும் அது யோசனைதான் மகள்" என்றேன். நானுஓயா வரை இருவரும் யோசித்துக்கொண்டே வந்தோம்.

இனி அந்த மூன்றாவது சிலிண்டருக்கு வருகிறேன்.

சிலிண்டர் தலைகளைக் கழற்றியபோது வண்டியின் நோய் வெளிப்பட்டது. மற்ற மூன்று சிலிண்டர்களின் வால்வுகளும் தேய்ந்திருந்தனவேயன்றி முழுமையாக இருந்தன. மூன்றாவதின் வெளியேற்று வால்வு மட்டும் விளிம்பில் கருகி, ஒரு துண்டு இழந்திருந்தது. பீட்டில் பழக்கமுள்ள மெக்கானிக்குகள் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார்கள். எஞ்சின் முழுவதிலும் ஓடிச் சூடேறிய ஒயிலை ஆற்றுவதற்கு ஒரு கூலர் உண்டு. அதை விசிறிக் கூட்டுக்குள்ளேயே, மூன்றாவது சிலிண்டருக்கு வரும் காற்றின் வழியில் நிறுத்தியிருக்கிறார்கள். கூலர் எல்லாருக்காகவும் உழைக்கிறது. ஆனால் அதன் பின்னால் நிற்கும் சிலிண்டருக்குக் காற்று குறைவாகவும், ஏற்கெனவே சூடேறியதாகவும் வந்துசேர்கிறது.

அவள் அந்த வால்வைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கூலரிலும் பிழையில்லை, சிலிண்டரிலும் பிழையில்லை. அது நிக்கிற இடம் அப்பிடி" என்றாள். சற்று நேரம் கழித்து, மண்ணெண்ணெய்த் தட்டிலிருந்து தலையை உயர்த்தாமலே, "போதகர் வீட்டுப் பிள்ளைகளும் இப்பிடித்தான் அப்பா" என்றாள்.

பிரியமானவர்களே, இந்தச் சொற்களை நான் பல வாரங்கள் சுமந்துகொண்டிருக்கிறேன். அவள் குற்றஞ்சாட்டவில்லை, ஒரு அமைப்பை விவரித்தாள். சபை முழுவதன் சூட்டையும் வாங்கிக்கொள்ள அழைக்கப்பட்டவனுக்குப் பின்னால் அவள் பிறந்ததிலிருந்து நின்றுவருகிறாள். பந்தியில் அவள் எழும் நேரத்தையும் அமரும் நேரத்தையும் நூறு கண்கள் பார்க்கின்றன. ஞாயிறு பாடசாலையில் பதில் தெரியாமலிருக்க அவளுக்கு உரிமை இருந்ததில்லை.

இவ்வருடத் திடப்படுத்தல் வகுப்பில் அவள் பெயர் இல்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். அன்போடுதான் கேட்டீர்கள். விடை இதுவே: அவள் இன்னும் ஆயத்தமில்லை என்று சொன்னாள், நான் ஏற்றுக்கொண்டேன். வற்புறுத்தவில்லை, வற்புறுத்தப்போவதுமில்லை. தகப்பனைச் சபையார் முன் வெட்கப்படுத்தக்கூடாது என்பதற்காக ஒரு பிள்ளை எடுக்கும் பொருத்தனை, தகப்பனுக்குச் செய்த பொருத்தனையே தவிர தேவனுக்குச் செய்ததாகாது. ஏழு நிமிட உபதேசத்தால் அவளை மாற்றிவிடலாம் என்று எண்ணுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அவளைக் காணும்போது ஏன் சேரவில்லை என்று கேட்காதீர்கள். எஞ்சினைப் பற்றிக் கேளுங்கள். அரைமணி நேரத்துக்குக் குறைந்து தப்பிவர முடியாது என்பதை மட்டும் எச்சரிக்கிறேன்.

வொக்ஸ்வேகன் பொறியியலாளர்கள் இந்தச் சிக்கலை அறிந்திருந்தார்கள். சில டிஸ்ட்ரிபியூட்டர்களில் மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறி சில பாகை தாமதித்து விழும்படி அமைத்தார்கள். அதன் சூட்டைக் குறைப்பதற்காக. 1971-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து கூலரையே வழியிலிருந்து விலக்கி, தனிக் காற்று வழியொன்று கொடுத்தார்கள். எங்களுடையது 1968. பழைய அமைப்பையே வைத்துக்கொண்டு, தகடுகளின் இடுக்குகளை அடைத்து, எஞ்சின் அறையைச் சுற்றிப் புதிய இரப்பர் பட்டி போட்டிருக்கிறோம், கீழிருந்து சூடான காற்று திரும்ப ஏறாதபடிக்கு.

இரவுகளில் நான் யோசேப்பை அதிகமாக நினைத்தேன். சுவிசேஷங்களில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை. பன்னிரண்டு வயதில் எருசலேம் தேவாலயத்தில் காணாமற்போன பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்தபோதும் பேசுகிறவள் தாய்தான். அதன்பின் பல வருடங்களுக்கு மௌனம். அந்த மௌனத்தின் மறுமுனையில் ஊரார் இயேசுவைத் தச்சன் என்றே அறிந்திருந்ததாக மாற்கு ஆறாம் அதிகாரம் காட்டுகிறது. கிரேக்கத்தில் அச்சொல் மரவேலை மாத்திரமன்றி, கட்டும் தொழிலையும் குறிக்கக்கூடியது என்று பிலிமத்தலாவையில் படித்த நாட்களில் எங்கள் ஆசிரியர் சொன்னது நினைவிருக்கிறது. அந்தப் பட்டறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. அன்று அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியது. இன்று அப்படித் தோன்றவில்லை.

எஞ்சினின் உடல் மக்னீசியம் கலந்த இரண்டு பாதிகள். ஒன்றாக வைத்தே கடைந்தவை. ஒன்றின் பாதியை இன்னொன்றோடு சேர்க்க முடியாது. இடையில் காஸ்கட்டும் இல்லை. மெல்லிய பசை மட்டும். கிராங்கின் பற்சக்கரத்தில் இரண்டு புள்ளிகள், கேம் சக்கரத்தில் ஒரு புள்ளி. அந்த ஒன்று இந்த இரண்டின் நடுவே வந்து அமரவேண்டும். ஒரு பல் தவறினால் எல்லாம் தவறும். நான் வலப்பாதியை இறக்க, அவள் கனெக்டிங் ரொட்டுகள் சரியாதபடி பிடித்திருந்தாள். நான்கு கைகள் வேண்டிய வேலை; ஒருவராகச் செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரியவில்லை. நடுவிலுள்ள ஆறு பெரிய நட்டுகளைச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் கிராங்கைக் கையால் சுழற்றிப் பார்த்தாள். ஆறாவது இறுகிய பின்னும் அது தடையின்றிச் சுழன்றது. அவள் முகத்தில் அப்போது கண்டதை அவள் நீக்கச் சொல்லிவிட்டாள்.

முதல் இயக்கத்துக்குமுன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றினோம். பிறகு பிளக்குகளைப் பூட்டினோம். சாவி அவள் கையில். இரண்டாம் முயற்சியில் பிடித்தது. புதிய கேம் தண்டுக்காக, முதல் இருபது நிமிடமும் தாழ்ந்த வேகத்துக்கு இறங்கவிடாமல் ஓட்ட வேண்டும். கார்புரேட்டரின் நெம்பை அவள் விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். தகரக் கூரையின் கீழ் அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. மூன்றாவது சிலிண்டரின் பக்கத்தில் அவள் மறு கையைக் காற்றில் நீட்டிச் சூடு பார்த்தாள். பிறகு என் கையை இழுத்து அதே இடத்தில் வைத்தாள்.

இதுவரை 190 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. 500 ஆனதும் ஒயிலை மாற்றி, வால்வு இடைவெளியை மறுபடி பார்க்க வேண்டும். உயர்தர வகுப்புகள் தொடங்கிவிடும் என்பதால், அதற்கு முன்பே ஒரு சனிக்கிழமையை அவள் நாட்காட்டியில் குறித்திருக்கிறாள். அன்று மாலைக் கூட்ட ஜெபத்துக்கு நான் சற்றுத் தாமதித்து வரக்கூடும், மூப்பர் ஆரம்பித்துவைப்பார்.