நாளைக்கு வராதே

பெருந்துறை சிப்காட்டில் நம் தோழர்கள் பலரை வேலையை விட்டு நிறுத்துவது ஒற்றை வார்த்தையில்தான்: "நாளைக்கு வராதே." காகிதம் கிடையாது, காரணமும் கிடையாது.

திருட்டு, அடிதடி என்றால் நடவடிக்கை எடுக்கட்டும். அப்போதும் குற்றச்சாட்டு மெமோ, நம் விளக்கம், உள்விசாரணை எல்லாம் வேண்டும். சாதி ஒருபோதும் காரணமாகாது. ஆனால் சாதியை எவன் மெமோவில் எழுதுகிறான்?

2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று சாதி இந்துக்கள் மறித்தார்கள். அதிகாரிகள் மறித்தவர்களை விட்டுவிட்டு, சமைக்க வந்த அம்மாவை இடம் மாற்றினார்கள். வேலைநீக்கமில்லையாம், வெறும் இடமாற்றமாம்! நாம் போராடிய பிறகே உத்தரவு ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது.

ஆகவே தோழர்களே, எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள். கேட்டதையே தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சம்பளச் சீட்டையும் இ.எஸ்.ஐ. அட்டையையும் சேர்த்து.